பாஸ்வேர்ட் அங்கிளும் பொட்டு வைத்த ரௌட்டரும்

டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோ நகரில் தமிழர் குடியிருக்கும் வீடு எதுவாயினும், அந்த வீட்டுத் தலைவருக்கே மறந்துபோன ஒன்று பாஸ்வேர்ட் அங்கிளுக்கு நினைவிருக்கும். அது அந்த வீட்டு வைஃபையின் பாஸ்வேர்ட். புதுமனை புகுவிழாவென்றால், பால் பொங்குவதற்கு முன்பே அவருடைய மடிக்கணினிக்கு இணைப்புக் கிடைத்திருக்கும். வளைகாப்பென்றால், முதல் வளையல் ஏறுவதற்குள் அந்த வீட்டின் வைஃபை அவருடைய கணினியில் ஏறியிருக்கும். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும், வீட்டுக்காரரின் கைகளைப் பற்றிக்கொண்டு, சற்று நேரம் மௌனம் காத்து, பிறகு தணிந்த குரலில், "வைஃபை எந்தப் பேர்லீங்க இருக்குது?" என்று கேட்டவர் அவர் என்று சொல்வார்கள். அது கட்டுக்கதை என்றுதான் நானும் நம்பியிருந்தேன், அவரோடு ஒரு துக்க வீட்டுக்குப் போகும்வரை.

அவருக்கு ஓர் இயற்பெயர் உண்டு. அது அவருடைய அலுவலக அடையாள அட்டையிலும் அவர் மனைவியின் கோபத்திலும் மட்டுமே வழக்கில் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அவர் பாஸ்வேர்ட் அங்கிள். பவானிக்காரர். ஐம்பதை நெருங்கியவர். கணினித் துறையில் நெடுங்காலமாக இருப்பவர் என்றாலும், கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிறர் செய்கிற வேலை முடிந்துவிட்டதா என்று காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கேட்பதே அவருடைய வேலை. அதற்கு இணைப்பு வேண்டும். ஆகவே இணைப்பையே அவர் வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

அவர் ஒரு வீட்டுக்குள் நுழைவது காணத்தக்க காட்சி. காலணியைக் கழற்றுவார். மடிக்கணினியைத் திறப்பார். திறந்த கணினியை ஆரத்தித் தட்டைப்போல இரு கைகளிலும் ஏந்திக்கொள்வார். பிறகு, திரையின் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகளின்மேல் பார்வையைப் பதித்தபடி, கூடத்தில் தொடங்கி, சமையலறை வழியாக, எவரும் அழைக்காத படுக்கையறைகளுக்குள்ளும் ஊர்வலம் வருவார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, அதாவது ஆண்ட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவார். மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிபவர் ஆண்ட்டி. கண்டறிந்ததை ஒளிக்காமல் சொல்வது அந்தத் தொழிலின் பழக்கம்போலும். "நோய்தானுங்க இது. மருந்து இன்னும் கண்டுபிடிக்கல," என்பார்.

சுற்றி முடித்ததும் அங்கிள் தீர்ப்பு வழங்குவார். "உங்க பூஜை ரூம்ல ஃபுல்லா வருதுங்க. பெட்ரூம்லதான் கொஞ்சம் வீக்." கையில் ரசக் கரண்டியோடு நிற்கும் வீட்டுக்காரி இதற்கு என்ன மறுமொழி சொல்வார்? சாப்பாட்டையும் அவர் நின்றுகொண்டே முடித்துவிடுவார். யார் வீட்டிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவருக்குச் சொந்த வீடு இல்லாமற்போனதற்கும் இதுவே காரணம். ஃபிரிஸ்கோவில் புதுக் குடியிருப்புகள் காளான்களைப்போல முளைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி வீடு பார்வைக்கு வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அங்கே போய்ச் சமையல் மேடைக் கல்லைத் தடவிப் பார்ப்பார்கள். அங்கிளோ தம் வீட்டு ரௌட்டரையே பையில் கொண்டுபோய், அங்கிருந்த பிளக் பாயின்ட்டில் மாட்டி, கணினியோடு மாடியேறிவிடுவார். "சொவரு எப்படின்னு பாக்கோணும்லங்க," என்பது அவர் தரும் விளக்கம். எந்தச் சுவரும் தேறவில்லை. எனவே எங்கள் வாடகைக் குடியிருப்பின் இரண்டாம் மாடியிலேயே, என் கதவுக்கு நேர் எதிர்க் கதவில், அவர் தங்கிவிட்டார்.

நான் விருதுநகர்ப் பெண். பள்ளி நாள்முதல் மேடையில் வளர்ந்தவள். எதிரணியின் வாதத்தை அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் முறிக்கப் பழகியவள். கல்லூரியில் எனக்குச் "சொல்லரசி" என்று பட்டம் கொடுத்தார்கள். கொடுத்ததை நான் மறுக்கவில்லை. யாரையும் சார்ந்திராமல் வாழ்வது என் கொள்கை. அந்தக் கொள்கையோடு வேலைக்காக ஃபிரிஸ்கோ வந்து, பெட்டிகளை இறக்கி, கதவைச் சாத்தப்போகும் தருணத்தில், எதிர்க் கதவு திறந்தது. அவர் என் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை.

"அம்மிணி, நெட் வந்துருச்சா?" என்றார்.

இன்னும் வரவில்லை என்றேன்.

"அது வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் நம்ம பவானி இருக்குதல்ல."

பவானி என்பது அவர் தம் வீட்டு வைஃபைக்குச் சூட்டியிருந்த பெயர். பாஸ்வேர்டை அவர் வாயால் சொல்லமாட்டார், கைபேசியிலும் அனுப்பமாட்டார். என் மடிக்கணினியை வாங்கி, என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தாமே தட்டினார். கன்னிப்பேச்சுக்கு மேடையேறிய நாளில்கூட நான் அவ்வளவு சங்கடத்தோடு சுவரைப் பார்த்து நின்றதில்லை. அதன் பிறகு என் கணினியைத் திறந்தால் போதும். அது கேளாமலே பவானியோடு சேர்ந்துகொண்டது.

சங்கடம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திராது. கோயில் அன்னதான வரிசையிலும், மளிகைக்கடைக் கொத்தமல்லிக் கட்டுகளுக்கு நடுவிலும், முன்பின் அறியாதவர்களிடம் அவர் என்னை அறிமுகம் செய்தார். "நம்ம நெட்லதான் ஓடிட்டு இருக்குது இந்தப் பொண்ணு." மேடையில் என்னை அறிமுகம் செய்வோர் அதுவரை வேறு விதமான சொற்களைப் பயன்படுத்தி வந்தார்கள். அந்த அவமானம் தாளாமல்தான் நான் எனக்கென்று ஓர் இணைப்பு வாங்கினேன். அதற்கு, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற துணிவில், "சொல்லரசி" என்று பெயரும் வைத்தேன். ஆனால் சுற்றுவட்டாரத்து வைஃபைப் பெயர்களை நாள்தோறும் செய்தித்தாள்போல வாசிக்கும் ஒரு மனிதர் எதிர்வீட்டில் இருப்பதை மறந்துவிட்டேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கட்டடத்திலேயே நடந்த ஒரு விருந்தில், எல்லோரும் தட்டோடு நிற்கையில், அவர் கணினியிலிருந்து தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து உரக்க வினவினார்: "இது யாருங்க புதுசா, சொல்லரசி?"

நான் தயிர்ச்சாதத்தைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

அவ்வாண்டு, அமெரிக்காவாழ் தமிழ் இளையோருக்கான சொற்போர் ஒன்று இணையவழி நடந்தது. சுற்றுக்குப் பின் சுற்றாக வென்று இறுதிக்கு வந்திருந்தேன். இறுதியில் வெல்பவர் நியூ ஜெர்சியில் நடக்கும் ஆண்டுவிழா மேடையில் பேசலாம். நடுவராக அமரவிருந்தவர், நான் பள்ளிச் சீருடையில் தரையில் உட்கார்ந்து கேட்டு, அவருடைய கையசைவுகளைக் கண்ணாடி முன்னால் பழகிய பேச்சாளர். அவர் முன்னிலையில் பேசுவதும், அவர் வாயால் ஒரு சொல் பாராட்டுக் கேட்பதும், என் வாழ்வின் இலக்கு என்றே சொல்லலாம். விருதுநகரில் என் தந்தை தெரு முழுதும் தெரிவித்துவிட்டார்.

தலைப்பு: வாழ்வில் உயர்வது தன் முயற்சியாலா, பிறர் துணையாலா? நான் தன் முயற்சி அணி. இதைவிடப் பொருத்தமான அணி எனக்கு அமைந்ததில்லை.

விதிகள் கடுமையானவை. பேச்சாளர் நின்றுகொண்டே பேசவேண்டும். குறிப்பைப் பார்த்துப் படிக்காமலிருக்க இரு கைகளும் திரையில் தெரியவேண்டும். யாரும் செய்தி அனுப்பி உதவாமலிருக்கப் பேச்சாளரின் கைபேசி அணைக்கப்பட்டிருக்கவேண்டும்.

போட்டி ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஆயுத பூஜை உண்மையில் அந்த வாரத்தின் இடையில் வந்துபோயிருந்தது. ஆனால் அமெரிக்காவில் தெய்வங்களும் சனிக்கிழமைவரை காத்திருக்கப் பழகிவிட்டார்கள். நான் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டு, மிளகு தட்டிய வெந்நீரால் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்டிருந்தபோது, கதவு தட்டப்பட்டது. வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் தட்டு. தட்டில் சந்தனம், குங்குமம், தீக்குச்சிகள்.

"அம்மிணி, உன்ற மோடத்தை எடு. பொட்டு வெச்சுட்டுப் போயிடறேன். காலையிலிருந்து ஒவ்வொரு வீடா வெச்சுட்டு வர்றேன்."

ரௌட்டரை அவர் மோடம் என்பார். ஆண்ட்டி டப்பா என்பார். எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் அன்று நாவில் அமரவேண்டிய தெய்வத்தைப் பகைத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி, அடிப்பக்கத்தில் மூன்று பட்டையாகச் சந்தனம் பூசினார். முகப்பில் பூசினால் விளக்குகள் மறையுமாம். பிறகு தீக்குச்சியின் முனையில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு இடம் தேடினார். பின்புறத்தில், தீக்குச்சி நுழையும் அளவில், வட்டமாக ஒரு துளை இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாரு அம்மிணி, பொட்டு வைக்கறதுக்குன்னே எடம் வுட்டிருக்கறான்."

குச்சியை அந்தத் துளையில் அழுத்தினார். அழுத்தியபடியே கண்களை மூடினார். ஒரு சுலோகம் முழுவதையும், ஓரடியும் விடாமல், நிதானமாகச் சொன்னார். சுலோகம் முடிந்த கணத்தில் ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து, மறுபடியும் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன.

"அம்மனுக்குச் சந்தோசம்," என்றார்.

பொறியியல் பயின்றவள் நான். அந்தத் துளை எதற்கு என்று எனக்கும் தெரிந்திருக்கவேண்டும். வாங்கிய நாள்முதல் நாம் வைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் இன்னபிற அமைப்புகளையும் துடைத்தெறிந்து, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகும் துளை அது. நான் அதை உணர்ந்தது, மடிக்கணினியைத் திறந்தபோது. பட்டியலில் சொல்லரசி இல்லை. அந்த இடத்தில், எழுத்தும் எண்ணும் கலந்த, வாயில் நுழையாத ஒரு பெயர் நின்று பாஸ்வேர்ட் கேட்டது. அந்தப் பாஸ்வேர்ட் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சீட்டின்மேல் சந்தனம். அங்கிள் பதறிப்போய்ப் பாத்திரம் துலக்கும் நாரை நனைத்துத் தேய்த்தார். சந்தனம் போயிற்று. அதோடு எழுத்தும் போயிற்று.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல. நம்ம பவானிக்கு வந்துரு," என்றார்.

பவானிக்கு அவர் அதிகாலையிலேயே பொட்டு வைத்துவிட்டிருந்தார். பவானியும் துடைபட்டிருக்கும் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் அவர் மடிக்கணினியைத் தெய்வத்தின்முன் மூடிவைத்துத் தொடாமலிருப்பார். எதிர்வீட்டுக்கு ஓடினோம். நடையில் அதற்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தது. சந்தனமும் குங்குமமும் துலங்கும் ரௌட்டர்களைக் கைக்குழந்தைபோல ஏந்தி, தமிழர்கள் வெளியே வந்து, உங்க வீட்டுல வருதா, உங்க வீட்டுல வருதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆண்ட்டி கதவருகே கைகட்டி நின்றார். "ஊர்ல ஆயுத பூஜைன்னா வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஓட்டிட்டுப் போவாங்க. இவரு ஒரு குச்சியை வெச்சு ஊரையே நிறுத்திப்போட்டாரு."

கம்பியைச் செருகிப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னுடையது புதுக் கணினி. மெலிவுக்காகக் கம்பி செருகும் துளையைத் தியாகம் செய்திருந்தார்கள். கைபேசியிலிருந்து இணைப்பு எடுத்திருக்கலாமே என்பீர்கள். என்னுடையதை அணைத்தாகிவிட்டது. அங்கிளுடையதில் முயன்றோம், எங்கள் கட்டடத்தில் கைபேசிக்கு ஒரு கோடு வருவதே அபூர்வம். வேறு வழி ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. குடியிருப்பின் நீச்சல் குளத்தருகே எல்லோருக்கும் பொதுவான ஒரு வைஃபை உண்டு. பாஸ்வேர்ட் வேண்டாதது. பாஸ்வேர்ட் வேண்டாத வைஃபையை அங்கிள் வாழ்நாளில் மதித்ததில்லை. அன்று மதித்தார்.

பட்டுப்புடவையில், டெக்சாஸ் வெயிலில், நீச்சல் குளத்தின் கரையில் நான் போய் நின்றேன். மேஜைகள் அனைத்தையும் ஒரு பிறந்தநாள் கூட்டம் பிடித்திருந்தது. நான் நிற்கவேண்டும், இரு கைகளும் தெரியவேண்டும், கணினி என் முகத்துக்கு நேராக இருக்கவேண்டும். அங்கிள் எதுவும் பேசாமல் மடிக்கணினியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வாழ்நாள் முழுதும் பழகிய அந்த ஆரத்தித் தட்டுப் பிடியில், திரை என்னைப் பார்க்க, உயர்த்திப் பிடித்தார்.

"நீ பேசு. நான் ஆட மாட்டேன்," என்றார்.

ஆடினார். நான் என் முதல் வாதத்தை முடித்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். தலையோடு கைகளும், கைகளோடு கணினியும், கணினியோடு நடுவர் கண்ட காட்சியும் மேலும் கீழும் ஆடின. நான் உரத்துப் பேசப் பேச அவர் உணர்ச்சிவசப்பட்டார். இடையில் திரையை எட்டிப் பார்த்தார், ஒரு சிக்னல் கோடு குறைந்திருந்தது போலும். என்மேல் கண் வைத்தபடியே அவர் மெதுவாகப் பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். நானும் பேசிக்கொண்டே அவரைப் பின்தொடர்ந்தேன். "எவர் கையையும் எதிர்பாராமல் எழுந்து நிற்பவனே மனிதன்" என்று நான் முழங்கியபோது, எனக்குப் பின்னால் ஒருவர் அரைக்கால் சட்டையோடு குளத்தில் குதித்தார். தண்ணீர் என் கொண்டைமேல் தெறித்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தாமலிருந்ததே என் பெருமை என்று எதிரணி வாயைத் திறக்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதிரணியில் பேசியவர் நியூ ஜெர்சி பார்சிப்பனி இளைஞர். அவருக்குப் பின்னால் அடுக்கி வைத்த புத்தகங்களும் அசையாத ஒரு சுவரும் இருந்தன. அவர் தமக்கு உரிய நேரத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, தன் முயற்சி ஒன்றே போதும் என்று தோழி அழகாகப் பேசினார். அந்த அழகை நமக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பது யாருடைய கை என்று மட்டும் அவர் சொல்லட்டும்."

அப்போதுதான் திரையில் என் படத்தை உற்றுப் பார்த்தேன். வலப்புற ஓரத்தில், என் தோளுக்கு மேலே, திரையின் மேல்விளிம்பைப் பற்றியிருந்த, குங்குமம் தோய்ந்த ஒரு பெருவிரல் பெரிதாகத் தெரிந்தது. தொடக்கத்திலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. என்னைவிடச் சிறப்பாகத் தெரிந்திருக்கிறது. ஐந்தாறு மாநிலங்களும், விருதுநகரில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்த ஒரு தெருவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஆமாம்மா, அந்தச் சிவந்த விரல் யாருடையது?"

மேடையில் நான் தடுமாறியதில்லை. அன்று ஒரு சொல்லும் வரவில்லை. அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். பார்த்து, தம்மால் என் வாதத்துக்குச் சேதம் வந்துவிட்டது என்பதை மட்டும் புரிந்துகொண்டார். உடனே கணினியைத் தம் பக்கம் திருப்பினார். விபூதியும் வியர்வையுமாக அவர் முகம் திரையை நிறைத்தது.

"சார், என்னைக் கணக்குல சேக்காதீங்க. நான் டேபிள். நீங்க பொண்ணோட பேச்சை மட்டும் பாருங்க."

இதைச் சொல்லிவிட்டுக் கணினியை மறுபடி என் பக்கம் திருப்பினார். உண்மையிலேயே மேஜையாகிவிட்டவரைப்போல முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நின்றார். விரலைக்கூட எடுத்து மறைத்துக்கொண்டார்.

எனக்கு இறுதி நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தைக் கொண்டு நான் ஜெயித்திருக்கலாம். மேஜை பேசாது, மேஜைக்கு அணி கிடையாது என்று ஒரு வரியில் சிரிக்கவைத்துக் கடந்திருக்கலாம். அந்த வரி என் நாவின் நுனியில் இருந்தது. ஆனால் வெயிலில் அவருடைய கைகள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க அவர் முழங்கைகளை விலாவோடு ஒடுக்கிக்கொண்டு நின்றதும் தெரிந்தது.

"அவர் மேஜை இல்லை ஐயா," என்றேன். "அவர் என் மாமா. என் அணி தோற்றாலும் பரவாயில்லை. இன்று அவர் இல்லாவிட்டால் நான் இங்கே நின்றிருக்க முடியாது."

சொல்லி முடித்தேன். நடுவரின் முகம் அசையவில்லை. எதிரணி இளைஞர் கண்ணிமைக்கவில்லை. திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் ஒன்றுமே இல்லை.

அங்கிள் கணினியை எட்டிப் பார்த்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்பவர்போல மெல்லச் சொன்னார்:

"நெட் போயிருச்சு அம்மிணி. நீ சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. கவலைப்படாதே."

மறுபடி இணைப்பு வந்தபோது முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டிருந்தது. நான் விடை சொல்ல இயலாமல் வாயடைத்துப்போனதாக எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எப்படிச் செய்யாதிருப்பார்கள்? வாய் திறந்தபடி, கொண்டையில் நீர் சொட்ட, உறைந்து நின்ற என் படம் அவர்கள்முன் நெடுநேரம் இருந்திருக்கிறது. அந்தப் படம் வாட்ஸ்அப் குழுக்களில் அமெரிக்கா முழுதும் சுற்றியது. கோயில் வரிசையில் முன்பின் அறியாதவர்கள் என்னைப் பார்த்து, "நீங்கதானே அந்த டேபிள் பொண்ணு?" என்று கேட்டார்கள். சொல்லரசி என்ற பட்டத்தைப் பெற எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இந்தப் பட்டம் ஒரே பிற்பகலில் கிடைத்து, முன்னதைத் துடைத்துவிட்டது. அந்தத் துளையில் குச்சியை வைத்து அழுத்தியதைப்போல.

என் தந்தை தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். "பேச்சு நல்லா இருந்துச்சும்மா. படம்தான் மேலயும் கீழயும் ஆடுச்சு," என்றார். தெருவைப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அன்று மாலை அங்கிள் இணைப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பேசி, வீடு வீடாகப் போய், தாம் துடைத்ததையெல்லாம் மீட்டுக் கொடுத்தார். எல்லா வீடுகளுக்கும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைத்தார். அவற்றைத் தெரிந்துகொள்ள யாரையும் அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பேரும் பாஸ்வேர்டும் பழசாவே இருந்துட்டா லேப்டாப்புக்கு வித்தியாசம் தெரியாதுங்க," என்று என் கூடத்தில் நின்றபடி ஆண்ட்டிக்கு விளக்கினார். "மோடம் புதுசாவே இருந்தாலும் சரி. பழைய வீடுன்னு நெனச்சுத் தானா வந்து ஒட்டிக்கும்."

பிறகு என்னைப் பார்த்தார். "சொல்லரசின்னே வெச்சரட்டுமா?"

அந்தப் பெயரை அன்று அவர் வாயால் கேட்டபோது தரைக்குள் போய்விடலாம் என்றிருந்தது. வேறு எதையாவது வையுங்கள் என்றேன்.

"ஏன் மாத்தோணும்? ஒரு நாள் நெட் போனதுக்கெல்லாம் பேரு போயிருமா?"

அதையே வைத்துவிட்டுப் போனார். குளத்தங்கரையில் நான் சொன்னதைப் பற்றி அன்றும் அதன் பிறகும் அவர் பேசவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு, யாருக்கும் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். தமக்குக் கேட்டதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. நானும் பேசவில்லை. நாள்தோறும் எதிர்க் கதவு திறக்கும். நான் மறுபடியும் "குட் மார்னிங் அங்கிள்" என்பேன். மாமா என்று கூப்பிட வெட்கமாக இருந்தது.

பின்னர் எனக்குக் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் வேலை கிடைத்தது. அலுவலகத்துக்கு அருகில் ஒரு சிறிய வீடு. மேஜை இன்னும் வாங்கவில்லை. இங்கேயும் கோயில் உண்டு, விருந்துகள் உண்டு, அந்தப் படத்தைப் பார்த்தவர்களும் உண்டு.

சென்ற மாதம் அவர்கள் இருவரும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக இந்தப் பக்கம் வந்தார்கள். என் கதவுக்கு வெளியே காலணியைக் கழற்றும்போதே அங்கிள் மடிக்கணினியைத் திறந்துவிட்டார். இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். கேட்பதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. உறைந்துபோன வாய் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மிணி, கேக்காமயே கனெக்ட் ஆயிருச்சு," என்றார். திரையில் பெயரைப் படித்தார். பவானி. என் பழைய கணினியில் அவருடைய பாஸ்வேர்ட் இன்னும் சேமிப்பில் இருந்தது. குடியேறிய அன்றே இரண்டையும் என் ரௌட்டருக்கு வைத்திருந்தேன்.

"நீங்கதானே சொன்னீங்க மாமா. பேரும் பாஸ்வேர்டும் பழசா இருந்தா வித்தியாசம் தெரியாதுன்னு."

அவர் சமையலறைப் பக்கம் போகவில்லை. படுக்கையறைச் சிக்னலைப் பார்க்கவில்லை. கணினியை மூடினார், வைக்க மேஜை இல்லாததால் மடியில் வைத்துக்கொண்டார். அதாவது, நான் அறிந்து முதன்முறையாக, ஒருவர் வீட்டில் உட்கார்ந்தார்.